காரைக் கையால் கழுவுவதா, கார் வாஷுக்கு விடுவதா? முழுமையான வழிகாட்டி

புது கார் வாங்கிச் சில மாதம் ஓடிய பிறகு, நல்ல வெயில் நேரத்தில் பானெட் பக்கம் குனிந்து பாருங்கள். சூரியன் பளிச்சென்று தெரியும் புள்ளியைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் ஓடும். கறுப்பு, அடர் நீலம், அடர் சிவப்புக் கார்களில் முகத்தில் அடித்த மாதிரி தெரியும். வெள்ளையிலும் சில்வரிலும் இல்லாமல் இல்லை. சட்டென்று கண்ணில் படாது, அவ்வளவுதான். இவற்றில் பெரும்பாலானவை சாலையில் ஓடும்போது விழுந்தவை கிடையாது. கழுவும்போதும் துடைக்கும்போதும் நாமோ, நாம் காசு கொடுத்த ஆளோ, ஒரு மெஷினோ போட்டவை.

கையால் கழுவுவது நல்லதா, கார் வாஷில் விடுவது நல்லதா என்று கேட்டால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சிக்கு மெஷின் என்றாலே எமன். இன்னொரு கட்சிக்குக் கையால் கழுவுவது வேலை இல்லாதவன் வேலை. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. கலங்கிய வாளித் தண்ணீரில் பழைய பனியனை முக்கிப் பாசத்தோடு தேய்ப்பதைவிட, எதுவும் காரைத் தொடாமல் திரவமும் தண்ணீரும் அடித்தே கழுவும், ஒழுங்காகப் பராமரிக்கும் டச்லெஸ் மெஷின் காருக்கு எவ்வளவோ மேல். பெயிண்ட் மேல் உட்கார்ந்திருக்கும் மணலில் எவ்வளவு, துணி படுவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது? எந்த முறையை எடை போடவும் இந்த ஒரு கேள்வி போதும்.

பெயிண்ட் மேல் நடப்பது என்ன

இன்றைய கார்களில் பொதுவாக நான்கு பூச்சு இருக்கும். தகட்டை ஒட்டித் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காரின் பளபளப்பும், வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் இந்த மெல்லிய பூச்சின் பொறுப்பு.

சாலைப் புழுதியில் இருக்கும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7. கண்ணாடியையே கீறும், கிளியர் கோட் எம்மாத்திரம்? புழுதி படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாளை மெல்ல இழுப்பதற்குச் சமம். கோடு விழுந்தால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாமே என்பார்கள். எடுக்கலாம். ஆனால் உண்மையான பாலிஷ் கோட்டை அடைப்பதில்லை. கோட்டின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டை மழித்துச் சமமாக்குகிறது. ஒவ்வொரு தடவையும் ஓரிரு மைக்ரான் போகும், போனது திரும்பாது. மழிக்காமல் எண்ணெய்ப் பசையால் கோட்டை நிரப்பி மறைக்கும் பாலிஷ்களும் உண்டு. நாலு தடவை கழுவினால் கோடு பழையபடி எட்டிப் பார்க்கும்.

தினமும் காலையில் காய்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ காரைத் தட்டித் துடைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதைவிட மோசமான பழக்கம் வேறு இல்லை என்பேன். புழுதியோடு ஒரு வாரம் ஓடினால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அந்தப் புழுதியைத் தண்ணீர் இல்லாமல் தேய்த்தால்தான் ஆகும். காருக்குத் தினசரி ஒப்பனை தேவையில்லை.

காத்திருக்கக் கூடாதவை என்று சில உண்டு: பறவை எச்சம், முன்பக்கத்தில் அடித்துச் சிதறிய பூச்சி, மரப்பிசின். எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடேறிய பானெட்டில் அது சில மணி நேரத்திலேயே தழும்பு போட்டுவிடும். நகத்தால் சுரண்டாதீர்கள், அதற்குள் விதையும் மணலும் இருக்கும். நன்கு நனைத்த துணியை அதன் மேல் போட்டு ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் அள்ளி எடுங்கள். காரிலேயே ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு மென்மையான துணியும் கிடந்தால் போதும்.

கார் வாஷ் என்றால் எந்தக் கார் வாஷ்?

1914இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் காரை ஆட்கள் கையால் தள்ளிக்கொண்டே போக, ஓர் இடத்தில் சோப்பு, அடுத்த இடத்தில் அலசல், அதற்கடுத்து துடைப்பு என்று ஒரு கார் சலவைக்கூடம் தொடங்கினார்கள். தள்ளும் வேலையை இப்போது கன்வேயர் செய்கிறது. ஆனால் "கார் வாஷ்" என்ற ஒரே பெயருக்குள் இன்று நான்கு வேறு வேறு சமாச்சாரம் அடங்கியிருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதி விவாதம் குழம்புகிறது.

பிரஷ் டனல்: கார் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே வரும். பழைய மெஷின்களில் நைலான் நார் பிரஷ், புதியவற்றில் மெத்தென்ற ஃபோம் அல்லது துணிப் பட்டைகள். பட்டை மென்மையானது என்று போர்டில் எழுதியிருப்பார்கள். பட்டையின் மென்மை பாதிக் கதைதான். உங்களுக்கு முன்னால் சேற்றில் புரண்டு வந்த வண்டி ஒன்று போயிருந்தால் அதன் மணல் அந்தப் பட்டையில் மிச்சமிருக்கிறதா என்பது மீதிக் கதை. வரிசையில் நிற்கும்போது முன்னால் போகும் கார்களைக் கவனியுங்கள். பிரஷ் தொடுவதற்கு முன் ஹை பிரஷர் தண்ணீர் காரை நன்றாக அடித்துக் கழுவுகிறதா, பிரஷ் மேலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதா? இரண்டும் இருந்தால் தேவலை. காய்ந்த கார் மேல் பிரஷ் நேராகப் போய் விழுந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டச்லெஸ்: எதுவும் காரைத் தொடாது. ரசாயனம் தெளித்து, ஊறவிட்டு, பிரஷரில் அடித்துத் தள்ளும். கோடு விழ வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு ஒரு விலை உண்டு. கையால் தேய்க்காமல் அழுக்கைக் கழற்ற வேண்டும் என்பதால் காரத்தன்மை அதிகமான திரவம் பயன்படுத்துவார்கள், சில இடங்களில் அடுத்ததாக அமிலத் திரவமும் வரும். பெயிண்டைக் காக்கப் பூசியிருக்கும் வேக்ஸ் (மெழுகு) சீக்கிரம் கரையும். காய்ந்த பிறகு விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஒட்டும். சாலை எண்ணெயும் டயர் தூளும் சேர்ந்த அந்தப் படலம் ஏதாவது ஒன்று தொட்டுத் தேய்க்காமல் முழுதாகப் போகாது.

ஆட்கள் கழுவிக் கொடுக்கும் இடம்: கையால் கழுவுகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக இதைப் பாதுகாப்பானது என்று நம்புகிறவர்கள் அதிகம். அங்கே பத்து நிமிடம் நின்று துணியை மட்டும் பாருங்கள். டயரைத் துடைத்த துணி கதவுக்கு வருகிறதா? கீழே விழுந்ததை உதறிவிட்டு அப்படியே எடுத்துத் தேய்க்கிறார்களா? வாளித் தண்ணீர் என்ன நிறம்? நாற்பது காரைத் துடைத்த துணி உங்கள் காரைத் துடைக்கும்போது, அந்த நாற்பது காரின் மணலும் கூடவே வரும். காருக்கு அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடித்துப் பளபளப்பாக்குகிற இடமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்களுக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. உப்பி, மெத்துப்போய், சீக்கிரம் தேய்ந்துவிடும்.

செல்ஃப் சர்வீஸ்: காசைப் போட்டால் பிரஷர் குழாய் கையில் வரும், மற்றதெல்லாம் நீங்கள்தான். வீட்டில் இடமோ தண்ணீரோ இல்லாதவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். மணலைத் தள்ளும் அழுத்தம் அங்கே இருக்கிறது, தொடும் துணி நம்முடையது. ஒரே ஒரு நிபந்தனை: அங்கே தொங்கும் நுரை பிரஷைத் தொடாதீர்கள். அதைத் தரையில் போட்டவர் எத்தனை பேர், மட்கார்டுக்குள் விட்டுச் சேறு தேய்த்தவர் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் காருக்கு எது

புது கார், அடர் நிறம், பெயிண்ட் மேல் ஆசை அதிகம் என்றால் கையால் கழுவுங்கள், அல்லது டச்லெஸ். பத்து வருடம் ஓடி ஏற்கெனவே கோடு விழுந்த கார், ஓடினால் போதும் என்ற மனநிலை என்றால் நல்ல டனல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. மாதக்கணக்கில் கழுவாமல் விடுவதைவிட அது நல்லது.

உப்பு விஷயம் தனி. பனி நாடுகளில் சாலையில் தூவும் உப்பும், கடற்கரை ஓரத்து உப்புக் காற்றும் பெயிண்டைவிட அடிப்பாகத்தைத்தான் முதலில் தின்னும். அங்கே அடிப்பாகத்தைக் கழுவும் வசதி உள்ள மெஷின், வீட்டு ஹோஸைவிட நல்ல வேலை செய்யும். குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது அடிப்பாகம் தண்ணீர் பார்க்க வேண்டும்.

மேட் பெயிண்ட் (பளபளப்பில்லாத பெயிண்ட்), ஸ்டிக்கர் ராப், துணிக் கூரை இவற்றுக்கு பிரஷ் மெஷின் கூடவே கூடாது. மேட் பெயிண்டில் ஒரு இடம் தேய்ந்து மின்னத் தொடங்கினால் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய வழியில்லை, அந்தப் பகுதியைப் புதிதாகப் பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி. பெயிண்ட் மேல் கெட்டியாகப் படியும் செராமிக் கோட்டிங் போட்டிருந்தால் கோடே விழாது என்று விற்பவர் சொல்லியிருக்கலாம். அதன் தடிமன் ஓரிரு மைக்ரான். அழுக்கு ஒட்டாமல் நழுவ உதவும், மணலைத் தடுக்காது.

கையால் கழுவும் முறை

சாமான் அதிகம் வேண்டாம். இரண்டு பெரிய வாளி, அடியில் வைக்கும் சல்லடைத் தட்டு, பி.எச். நடுநிலையான (அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத) கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் வாஷ் கையுறை இரண்டு, தண்ணீரை நன்றாக உறிஞ்சும் பெரிய மைக்ரோஃபைபர் டவல், சக்கரத்துக்கென்று தனி வாளியும் தனி பிரஷும். ஸ்பாஞ்ச் வேண்டாம். அதன் பரப்பு தட்டையானது. மணல் உள்ளே போகாமல் பெயிண்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கையுறையின் நீள நூல்களுக்கு இடையில் மணல் உள்ளே போய்விடும், அதுதான் வித்தியாசம்.

பாத்திரம் கழுவும் லிக்விட் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒரு தடவையில் பெயிண்ட் கரைந்துவிடாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது என்பதால் வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். துணி வழுக்கிக்கொண்டு போவதற்கான வழவழப்பும் அதில் குறைவு. துணி துவைக்கும் பவுடர் இன்னும் மோசம். காரம் அதிகம், கரையாத துகளும் கிடக்கும்.

*நிழலும் சூடும்.* பானெட்டில் புறங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் காத்திருங்கள். சூடான தகட்டில் ஷாம்பு அலசுவதற்குள் காய்ந்து திட்டாகிவிடும், தண்ணீரும் உப்புக்கறையை விட்டுவிட்டு ஆவியாகும். அதிகாலையும் மாலையும் சரியான நேரம்.

*சக்கரம் முதலில்.* கடைசியில் கழுவினால் அதன் கறுப்புத் தண்ணீர் கழுவி முடித்த கதவில் தெறிக்கும். பிரேக் தூளில் இரும்புத் துகள் அதிகம். சூடாக அலாய் மேல் விழுந்து பதிந்துகொள்ளும். சாதாரண ஷாம்புக்கு அது அசையாவிட்டால் இரும்பு நீக்கும் திரவம் ஒன்று விற்கிறது. தெளித்த இரண்டு மூன்று நிமிடத்தில் இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாக மாறி வழியும். அழுகிய முட்டை நாற்றமும் கூடவே வரும், பயப்பட வேண்டாம், அதிலுள்ள கந்தகச் சேர்மத்தின் வாடை அது. சக்கரம் ஆறியிருக்க வேண்டும், திரவம் காய்வதற்குள் அலசிவிட வேண்டும், கைக்கு ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். டயரின் கறுப்பை பிரஷ் போட்டுத் தேய்க்கலாம், மட்கார்டின் உள்பக்கத்தை மறக்காதீர்கள். இந்த வாளி, பிரஷ், துணி எதுவும் இனி பாடிக்கு வரக் கூடாது.

*தொடாமல் அலசல்.* மொத்த வேலையில் இதுதான் உயிர். மேலிருந்து கீழாக, கூரை, கண்ணாடி, பானெட், கதவுகள் என்று ஐந்து நிமிடமாவது தண்ணீர் அடியுங்கள். வீட்டு பிரஷர் வாஷர் இருந்தால் 1200 முதல் 1900 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். நாசில்களின் நிறத்துக்கு அர்த்தம் உண்டு, தண்ணீர் எவ்வளவு கோணத்தில் விரியும் என்பதை அது சொல்லும்: வெள்ளை 40 டிகிரி, பச்சை 25, மஞ்சள் 15, சிவப்பு 0. காருக்கு வெள்ளை, அதிகம் போனால் பச்சை. சிவப்பு நாசிலைக் காரின் பக்கமே கொண்டுவராதீர்கள், பெயிண்டைக் கிழித்துவிடும். பாடியிலிருந்து ஒரு அடி தள்ளியே பிடியுங்கள். கல் பட்டுப் பெயிண்ட் தெறித்த இடம், ஸ்டிக்கர் ஓரம், ரப்பர் பீடிங், ரேடியேட்டர் இவற்றின் மேல் நேராக அடிக்க வேண்டாம். டயரின் பக்கச்சுவரிலும் நெருக்கிப் பிடிக்கக் கூடாது.

*நுரை.* ஃபோம் கன் இருந்தால் நுரையைப் போர்த்தி நாலைந்து நிமிடம் விடுங்கள். நுரை அழுக்கை இளக்கி மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு போகும். காய்வதற்குள் மறுபடி அலசுங்கள். ஃபோம் கன் இல்லாவிட்டால் கையால் பம்ப் அடிக்கும் ஸ்ப்ரேயரில் ஷாம்புத் தண்ணீர் தெளித்தாலும் போதும். வீடியோவில் பார்ப்பதுபோல் காரே மறைய வேண்டும் என்பதில்லை. கெட்டி நுரை பார்க்க அழகு, வேலையில் அதைவிடத் தண்ணீரான நுரை மட்டமில்லை.

*இரண்டு வாளி.* ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். இரண்டின் அடியிலும் சல்லடைத் தட்டு. கையுறையை ஷாம்பு வாளியில் முக்கி எடுத்து, கூரையில் பாதியைத் தேயுங்கள். தேய்ப்பது என்பதே அதிகம், கையுறையின் சொந்த எடையே போதும், நீங்கள் வழிகாட்டினால் சரி. பிறகு வெறும் தண்ணீர் வாளியில் விட்டு, சல்லடைத் தட்டின் மேல் உரசி, பிழிந்து, திரும்ப ஷாம்பு வாளிக்கு. ஒவ்வொரு அரைப் பகுதிக்கும் இந்தச் சுற்று. சலிப்பாகத்தான் இருக்கும். முடிந்த பிறகு வெறும் தண்ணீர் வாளியைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துவிட்டு மெதுவாகச் சாய்த்து ஊற்றிப் பாருங்கள். தட்டுக்குக் கீழே விரலால் நெருடும் அளவுக்கு மணல் தங்கியிருக்கும். ஒரே வாளியில் கழுவியிருந்தால் அவ்வளவும் சுற்றிச் சுற்றிப் பெயிண்டுக்கே போயிருக்கும்.

வட்டமாகத் தேய்க்காதீர்கள், கார் ஓடும்போது அதன் மேல் காற்று பாயும் திசையில் நேர்க்கோடாக இழுங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்றிரண்டு கோடு விழத்தான் செய்யும். நேர்க்கோடு ஒரு கோணத்தில் பார்த்தால் மட்டும் தெரியும், வட்டக்கோடு எந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் தெரியும்.

வரிசை: கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி. இதற்குப் பிறகு இரண்டாவது கையுறையை எடுத்துக்கொண்டு கதவுகளின் கீழ்ப்பாதி, பம்பர்கள், கடைசியாகச் சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள பகுதி. காரின் மணலில் பெரும்பகுதி கீழே மூன்றில் ஒரு பங்கில்தான் ஒட்டியிருக்கும். கையுறை கீழே விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு, அலசிவிட்டுத் தொடரலாம் என்று நினைக்காதீர்கள். வெளியே சூடாக இருந்தால் ஒவ்வொரு பகுதியையும் முடித்தவுடனே அலசிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

*கடைசி அலசல்.* நுரை போனதும் ஹோஸ் நாசிலைக் கழற்றிவிட்டு, அழுத்தம் இல்லாமல் கூரையிலிருந்து தண்ணீரை வழியவிடுங்கள். தண்ணீர் ஒரே படலமாக இறங்கி, ஒட்டியிருக்கும் சொட்டுகளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். நல்ல வேக்ஸ் இருக்கிற காரில் பாதி ஈரம் இப்படியே போகும்.

*உலர்த்தல்.* தானாகக் காயட்டும் என்று விட்டால் வெள்ளை வளையங்கள் மிஞ்சும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அவை. பெரிய டவலைப் பானெட் மேல் விரித்து, இரண்டு முனையைப் பிடித்து உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள், அல்லது ஒற்றி எடுங்கள். ஈரம் துடைக்க விற்கும் ஷாமாய்த் தோலை நான் விட்டுவிடச் சொல்வேன். அதில் நூல் இல்லை, மிச்சமிருக்கும் ஒரு மணல் துகளையும் பெயிண்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு போகும். கண்ணாடி மடிப்பு, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட், எரிபொருள் மூடி இவற்றிலிருந்து தண்ணீர் பத்து நிமிடம் கழித்தும் ஒழுகும். கதவுகளைத் திறந்து விளிம்புகளையும் துடையுங்கள். கதவின் அடி விளிம்பில் சின்ன வடிகால் துளைகள் இருக்கும், அவை மண்ணால் அடைத்திருந்தால் குச்சியால் திறந்துவிடுங்கள். கதவுகள் உள்ளிருந்து துருப்பிடிப்பது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

வெள்ளை வளையம் ஏற்கெனவே விழுந்திருந்தால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, உடனே நன்றாக அலசுங்கள். புதிய கறை போய்விடும். வெயிலில் பல வாரம் வெந்து பெயிண்டுக்குள் குழி போட்டிருந்தால் வினிகர் உதவாது, பாலிஷ்தான்.

வேக்ஸ், சீலன்ட் பற்றிச் சுருக்கமாக: கார்னாபா வேக்ஸ் சில வாரம் நிற்கும், செயற்கைப் பொருளில் செய்த சீலன்ட் சில மாதம், செராமிக் ஒரு வருடத்துக்கு மேல். போடுவதற்கு முன் ஒரு சோதனை. கழுவிக் காய்ந்த பானெட் மேல், கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு விரலால் தடவுங்கள். நறநறவென்று இருந்தால் பெயிண்டில் பதிந்த துகள் இருக்கிறது, அதைப் பிடுங்கி எடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் போட வேண்டும். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். கீழே விழுந்த கிளேயைக் குப்பையில் போடுங்கள்.

கார் வாஷுக்குப் போகும் முன்

தானாக இயங்கும் வைப்பரை ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் பிரஷ் வரும் நேரத்தில் அது எழுந்து நிற்கும். பக்கவாட்டுக் கண்ணாடிகளை மடக்குங்கள், ஆண்டெனாவைக் கழற்றுங்கள், சன்ரூஃப் உட்பட எல்லாம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூரையில் சைக்கிள் ஸ்டாண்டு இருந்தால் உள்ளேயே போகாதீர்கள். கன்வேயர் இழுக்கும் டனலில் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஆட்டோ ஹோல்டும் எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கும் விட்டிருக்க வேண்டும். இன்ஜினை ஆஃப் செய்தாலோ கதவைத் திறந்தாலோ தானாகவே பார்க்கிங்குக்குப் போகும் கார்கள் இப்போது நிறைய. கன்வேயரில் அப்படி நின்றால் பின்னால் வருகிற கார் வந்து இடிக்கும். டெஸ்லா போன்ற சில கார்களில் இதற்கென்றே கார் வாஷ் மோடு உண்டு. ஜன்னல், சார்ஜிங் மூடி, வைப்பர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் பார்த்துக்கொள்ளும். காலை அசைத்தால் திறக்கும் டிக்கி இருந்தால், சாவியைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்காதீர்கள். தண்ணீர் அடிப்பதையே கால் என்று நினைத்துத் திறந்துகொள்ளக் கூடும்.

கார் மேல் காய்ந்த சேறு கட்டியிருந்தால் முதலில் எங்காவது பிரஷர் தண்ணீரில் அதைத் தள்ளிவிட்டு டனலுக்குள் போங்கள். மெனுவில் ஹாட் வேக்ஸ், டிரிப்பிள் ஃபோம் என்று அடுக்கியிருப்பார்கள். தெளித்துவிட்டுப் போகும் வேக்ஸ் சில நாள் தண்ணீரை உருட்டும், அவ்வளவுதான். அந்தக் காசை அடிப்பாகக் கழுவலுக்குக் கொடுங்கள். வெளியே வந்ததும் துடைக்க ஓடிவரும் ஆளிடம் உங்கள் டவலை நீட்டுங்கள், அல்லது நன்றி சொல்லிவிட்டு நீங்களே துடையுங்கள். மெஷின் போடாத கோட்டை அந்தப் பொதுத் துணி போட்டுவிடும்.

தண்ணீர்க் கணக்கு

நிமிடத்துக்கு 20 லிட்டர் கொட்டும் ஹோஸைப் பதினைந்து நிமிடம் திறந்துவிட்டால் 300 லிட்டர். கையை விட்டால் நிற்கும் துப்பாக்கி நாசிலும் இரண்டு வாளியும் இருந்தால் 100 லிட்டருக்குள் முடிக்கலாம். தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் டனல்கள் புதுத்தண்ணீர் செலவில் வீட்டு ஹோஸை எளிதாகத் தோற்கடிக்கும். சாக்கடைப் பிரச்சினையும் உண்டு. தெருவோர மழைநீர் வடிகால் பல ஊர்களில் சுத்திகரிப்பு ஏதுமின்றி நேராக ஆற்றுக்கோ ஏரிக்கோ போகும். ஷாம்பு, ஆயில், பிரேக் தூள் எல்லாம் அதோடு போகும். ஜெர்மனியில் பல நகராட்சிகள் தெருவில் கார் கழுவவே அனுமதிப்பதில்லை. நியாயமான காரணம்தான்.

தண்ணீர் கம்மியான இடத்தில் இருப்பவர்களுக்கு ரின்ஸ்லெஸ் வாஷ், அதாவது அலசாமலே கழுவும் முறை கைகொடுக்கும். ஒரு பங்கு திரவத்துக்கு 256 பங்கு தண்ணீர் என்பது பலர் பயன்படுத்தும் கலவை. 10 லிட்டர் வாளிக்கு 40 மில்லி. அதில் ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளைப் போட்டு வையுங்கள். கழுவும் பகுதியில் அதே கலவையை ஸ்ப்ரே செய்து ஊறவிடுங்கள். ஒரு துணியை எடுத்து எட்டு முகம் வரும்படி மடித்து, ஒரு முகத்தால் ஒரே இழுப்பு, பிறகு அடுத்த முகம். எட்டும் தீர்ந்தால் துணி ஓரமாகப் போகும், வாளிக்குத் திரும்பாது. உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், அலசத் தேவையில்லை. வாரப் புழுதிக்கு இது அருமையான முறை. சேறு கட்டிய காரில் செய்யவே கூடாது. தண்ணீரே வேண்டாம், ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் போதும் என்று விற்கும் வாட்டர்லெஸ் வகையை, மூடிய ஷெட்டில் நின்ற காரின் லேசான தூசுக்கு மேல் நான் நம்பமாட்டேன்.

கழுவி முடித்த பிறகு

கழுவிய காரை அப்படியே நிறுத்திவிடாதீர்கள். ஒரு சின்ன சுற்று ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் போட்டு டிஸ்க்கை உலர்த்துங்கள். மறுநாள் டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு தெரிந்தால் கவலை வேண்டாம், முதல் சில பிரேக்கிலேயே அழிந்துவிடும். ஈர டிஸ்க்கோடு ஹேண்ட்பிரேக் போட்டுப் பல நாள் விட்டால் பேட் ஒட்டிக்கொள்ளும்.

துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பருத்தியின் பஞ்சு மைக்ரோஃபைபரில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. பாடித் துணி தனி, சக்கரத் துணி தனி. திரவ டிடர்ஜென்ட், 40 டிகிரி வரை வெந்நீர், ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கிடையாது. அது நூல்களை மூடிக்கொண்டு தண்ணீர் உறிஞ்சும் குணத்தையே கெடுத்துவிடும். நிழலில் உதறிக் காயப்போட்டு, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். எடுக்கும்போது ஒவ்வொன்றையும் கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஏதாவது நெருடினால், காம்பு, சரளை எதுவாக இருந்தாலும், அந்தத் துணியைச் சக்கர வாளிக்கு மாற்றிவிடுங்கள்.